ஆறு வாரம் தரையில் ஊன்றாத கால்

“ஜவ்வு லேசாகக் கிழிந்திருக்கிறது, ஓய்வு எடுங்கள்” என்றார்கள் முதலில் காட்டிய இடத்தில். நம் ஊரில் மூட்டுக்குள் எது கெட்டாலும் ஜவ்வுதான். நானும் நம்பி, முட்டிக்குப் பட்டை போட்டுக்கொண்டு எட்டு மாதம் பள்ளிக்குப் போய்வந்தேன். உடற்கல்வி ஆசிரியை நான், வயது 33. வாலிபாலில் பிளாக் போடக் குதித்து இறங்கியபோது முட்டி திருகிக்கொண்டது. அதற்குப் பிறகு படி இறங்கினால் உள்ளே ஏதோ சிக்கும், சாயங்காலம் வீங்கிவிடும்.

வேறொரு மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். ஜவ்வில் ஒன்றுமில்லை. தொடை எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயர்ந்திருந்தது. குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது, அதனால் தானாக ஆறாது என்று விளக்கினார். எலும்பில் சிறு துளைகள் போட்டு ரத்தம் கசியவைக்கும் முறையில் செலவு குறைவு. ஆனால் அதில் தழும்பு போன்ற நார்த் திசுதான் வளரும். இவ்வளவு பெரிய குழியில் அது நெடுநாள் தாங்குவது கடினம். இன்னொரு வழி, என் குருத்தெலும்புச் செல்களையே எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்து அங்கே வைப்பது.

என்மேல் சோதனை செய்கிறார்களோ என்று பயந்தேன். தேடிப் படித்தபோது, ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் 1987-லேயே இதைச் செய்திருக்கிறார்கள், 23 நோயாளிகளின் முடிவுகளை 1994-இல் வெளியிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அப்புறம்தான் சம்மதித்தேன்.

அம்மா, “எனக்கும் இப்படிச் செய்ய முடியுமா?” என்று கேட்டார். முடியாதாம். சுற்றிலும் நல்ல குருத்தெலும்பு இருந்து, நடுவில் ஒரு குழி விழுந்தவர்களுக்குத்தான் இது. மூட்டு முழுக்கத் தேய்ந்தவர்களுக்கு அல்ல. அம்மாவின் முகம் வாடியதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

முதல் அறுவை சுலபம். ஆர்த்ரோஸ்கோப்பி, அதாவது சிறு துளை வழியாக மூட்டுக்குள் கேமரா விட்டுச் செய்யும் முறையில், எடை விழாத ஓரத்திலிருந்து அரிசி மணி அளவில் சில துண்டுகள் எடுத்தார்கள். மறுநாளே வீடு. துண்டுகள் ஆய்வகத்துக்குப் போயின. ஐந்து வாரம் காத்திருந்தேன். வளர்ந்து வரும் செல்கள் அதிக நாள் தாங்காது, அதனால் அறுவை தேதியை நம் வசதிக்கு மாற்ற முடியாது. விடுப்பை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். செல் வளர்ப்புக்கான பில் தனியாக வரும். காப்பீட்டில் அது சேருமா என்று முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் வாய்ச்சொல்லை நம்பினேன், பாதிப் பணம் கையிலிருந்து போனது.

இரண்டாவதில் முட்டியைத் திறந்து, குழியைச் சுத்தம் செய்து, செல்களைப் பசை போன்ற ஒரு பொருளோடு கலந்து நிரப்பினார்கள்.

உண்மையான சிகிச்சை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஆறு வாரம் காலை ஊன்றவே கூடாது. புதுச் செல்கள் பிடிக்கும் முன் எடை விழுந்தால் எல்லாம் வீண். ஆனால் மடக்காமலும் இருக்கக் கூடாது, சி.பி.எம். மெஷினில் காலை வைத்தால் அது மெதுவாக மடக்கி நீட்டும், தினமும் மணிக்கணக்கில். எங்கள் வீட்டில் இந்தியக் கழிப்பறை மட்டும்தான். என் கணவர் நடுவில் ஓட்டை உள்ள நாற்காலி ஒன்றை வாங்கி வந்தார். குளிக்க, எழ, தண்ணீர் எடுக்க என எல்லாவற்றுக்கும் அத்தைதான். வாக்கரைப் பிடித்து நிற்கும்போது நான்கு வயது மகள் தூக்கச் சொல்லி அழுவாள். அந்த ஆறு வாரத்தில் என்னை உடைத்தது வலி இல்லை, அதுதான்.

ஏழாவது வாரம் பிசியோதெரபிஸ்ட் எடை பார்க்கும் மெஷினை என் பாதத்தின் கீழ் வைத்து, “இருபது கிலோ வரைக்கும் அழுத்துங்க” என்றார். முள் இருபதைத் தொட்டதும் அழுதுவிட்டேன். தொடை அதற்குள் பாதியாக இளைத்திருந்தது. மூன்றாம் மாதம் ஊன்றுகோல் போயிற்று. உட்கார்ந்த இடத்தில் தொடையை இறுக்கும் பயிற்சியைச் சலிப்பாக இருந்தாலும் விடாதீர்கள். எனக்குப் பலம் திரும்பியது அதில்தான்.

இப்போது பதின்மூன்றாம் மாதம். படி இறங்கும்போது எதுவும் சிக்குவதில்லை. சம்மணம் போட முடிகிறது, குத்துக்கால் இன்னும் முழுதாக வரவில்லை. போன வாரம் பிள்ளைகளுக்கு நின்றபடியே சர்வீஸ் போட்டுக் காட்டினேன். “குதிச்சுப் போடுங்க டீச்சர்” என்றார்கள். அதற்கு இன்னும் சில மாதம் இருக்கிறது என்று சொன்னேன்.