ஈதரை எந்த அடுக்கில் வைப்பது? நான் முடிவெடுத்த விதம்

2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற இந்தியக் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சிலிருந்து 23 கோடி டாலர் அளவுக்குக் கிரிப்டோ திருடு போன செய்தியைப் படித்ததும், வேறொரு எக்ஸ்சேஞ்சில் இருந்த என் ஈதரை (எத்தீரியம் நெட்வொர்க்கின் நாணயம்) வெளியே எடுத்துவிடத் தீர்மானித்தேன்.

கிரிப்டோவின் சாவியை இணையத்துக்கு வெளியே வைத்திருக்கும் கருவியான ஹார்டுவேர் வாலட் வாங்கினேன். அது காட்டிய, சாவியை மீட்டெடுக்க உதவும் 24 சொற்களைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, ஈதரை அனுப்பும் முன்பே வாலட்டை முழுக்க அழித்து, அந்தச் சொற்களை வைத்து மீட்டுப் பார்த்தேன். அதே முகவரி வந்தது. இந்தச் சோதனையைத் தயவுசெய்து யாரும் விட்டுவிடாதீர்கள். பணம் ஏறிய பிறகு அழித்துப் பார்க்கத் துணிவு வராது.

அப்புறம்தான் கடினமான கேள்வி. எந்த நெட்வொர்க்கில் அனுப்புவது, முதல் அடுக்கான எத்தீரியத்திலா, அதன்மேல் இயங்கும் இரண்டாம் அடுக்கான ஆர்பிட்ரத்திலா? ஆர்பிட்ரத்தில் கட்டணம் மிகக் குறைவு. இரண்டிலும் முகவரி ஒன்றே, சாவியும் ஒன்றே. ஆபத்து மட்டும் வேறு. இரண்டாம் அடுக்குக்குப் போன ஈதரின் அசல், எத்தீரியத்தில், இரு நெட்வொர்க்குகளை இணைக்கும் நிரலான ஒரு பிரிட்ஜ் ஒப்பந்தத்துக்குள் பூட்டிக் கிடக்கும். அந்த ஒப்பந்தத்தில் ஓட்டை விழுந்தால் என் ஹார்டுவேர் வாலட்டால் எதுவும் செய்ய முடியாது. 2022 மார்ச்சில் ரோனின் என்ற வேறொரு நெட்வொர்க்கின் பிரிட்ஜில், பணத்தை விடுவிக்க ஒப்புதல் தரும் 9 சாவிகளில் 5 திருடர்கள் கைக்குப் போனதும் 60 கோடி டாலருக்கு மேல் பறிபோனது.

ஆர்பிட்ரம் ரோனின் போன்றதல்ல, அதையும் சொல்லவேண்டும். அங்கே தவறான கணக்கு காட்டினால் எத்தீரியத்திலேயே மறுத்து நிரூபிக்கலாம். பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்தும் சீக்வென்சர் நம்முடையதை ஒதுக்கினாலும், எத்தீரியம் வழியாக உள்ளே நுழைக்க வழியுண்டு. ஆனாலும் அவசரத்தில் நிரலை மாற்றும் அதிகாரம் ஒரு பாதுகாப்புக் குழுவிடம் இருக்கிறது. அந்தக் குழுவையும் நம்பித்தான் ஆகவேண்டும்.

சரி, திரும்பி வரும் வழியையும் பார்த்துவிடலாம் என்று சிறு தொகையை ஆர்பிட்ரத்துக்கு அனுப்பி, அதிகாரப்பூர்வ பிரிட்ஜ் வழியே எத்தீரியத்துக்குத் திருப்பினேன். ஏறக்குறைய ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். யாராவது மறுப்பு எழுப்பத் தரும் அவகாசம் அது. கடைசியில் தொகையைக் கோரிப் பெற, எத்தீரியத்தில் தனியாகக் கட்டணம் கட்ட அங்கேயும் கொஞ்சம் ஈதர் வேண்டும். வேறு பிரிட்ஜுகளில் சீக்கிரம் வரலாம், ஆனால் நம்பவேண்டிய ஆள் இன்னொருவர் கூடுகிறார்.

அதோடு முடிவுக்கு வந்தேன். வருடக்கணக்கில் தொடாமல் வைக்கும் ஈதர் முழுவதும் எத்தீரியத்தில். அவ்வப்போது அனுப்பவும் மாற்றவும் தேவைப்படும் சிறு பகுதி மட்டும் ஆர்பிட்ரத்தில், அதுவும் வேறு 24 சொற்கள் கொண்ட தனி வாலட்டில். வெளியேறும் முன் எக்ஸ்சேஞ்சின் வாங்கல் கணக்கு முழுவதையும் இறக்கி வைத்தேன். ஏனென்றால் இந்தியாவில் கிரிப்டோ லாபத்துக்கான 30 சதவீத வரியைக் கணக்கிடும்போது கழிக்க அனுமதிப்பது வாங்கிய விலையை மட்டுமே.