3-ம் 6-ம் ஒரே ஜோடி: ஐ.டி.ஐ. கேபிளிங் செய்முறையில் நான் விழுந்த இடம்

போன வியாழக்கிழமை ரிசல்ட் வந்தது. பாஸ். மார்க்கைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது, ஏனென்றால் இது எனக்கு இரண்டாவது முறை. முதல் முறை தியரியில் நல்ல மார்க். செய்முறையில் 60 சதவீதத்தைத் தொடவில்லை. தங்கச்சிமடத்திலிருந்து தினமும் பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் போய்ப் படித்த படிப்பு ஒரே ஒரு பிளக்கில் நின்றுபோனது. அடுத்த பேட்ச் பிள்ளைகள் யாரும் அதே இடத்தில் விழக்கூடாது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கேட் 5இ என்ற நெட்வொர்க் கேபிளின் இரண்டு முனையிலும் ஆர்ஜே45, அதாவது எட்டுக் கம்பி பிளக், அடிக்கச் சொன்னார்கள், டி568பி முறையில். எந்த நிறக் கம்பி பிளக்கில் 1 முதல் 8 வரை எந்த இடத்தில் என்று சொல்லும் வரிசை அது. கலர் வரிசை மனப்பாடம்தான். ஆனால் அங்கே கை நடுங்கியது. ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடி என்று அழகாகப் பக்கம் பக்கமாக அடுக்கி, இரண்டு முனையிலும் ஒரே மாதிரி அடித்துவிட்டேன். டெஸ்டரில் சொருகினால் 1 முதல் 8 வரை விளக்கு வரிசையாக எரிந்தது. முடிந்தது என்று நினைத்தேன். எக்ஸாமினர் பிளக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "3-ம் 6-ம் எந்த ஜோடிம்மா?" என்று கேட்டார். வாயே திறக்கவில்லை நான்.

3-லும் 6-லும் போகும் கம்பிகள் சேர்ந்து முறுக்கிய ஒரே ஜோடியாக இருக்க வேண்டும்; நான் இரண்டு வேறு ஜோடியிலிருந்து போட்டிருந்தேன். இதன் பெயர் ஸ்பிளிட் பேர். விளக்கு டெஸ்டரால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. அது ஒவ்வொரு கம்பியும் அந்த முனை வரை போகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். எந்தக் கம்பி எதோடு முறுக்கியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. எங்களுக்கு வகுப்பில் காட்டியது அந்த டெஸ்டர் ஒன்றைத்தான். விளக்கு எரிந்தால் சரி என்றுதான் சொல்லித் தந்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

எனக்கு இது புரிந்தது புத்தகத்தில் அல்ல. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்பா விசைப்படகுக்குப் போகாமல் வீட்டில் வலை செப்பனிட்டுக்கொண்டிருந்தார். கேபிளின் ஒரு முனையை அவரிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு நான் தோலை உரித்தேன். ஜோடிகளைப் பிரித்துப் பார்த்தவர், "ஏன் தாயி, ஒவ்வொண்ணுக்கும் முறுக்கு வேற வேறயா இருக்கு?" என்று கேட்டார். அதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை. நான்கு ஜோடிக்கும் நான்கு விதமான முறுக்கு. ஒரே அளவில் முறுக்கினால் பக்கத்து ஜோடியின் சிக்னல் இதில் ஏறிவிடும். ஒரு ஜோடியின் இரண்டு கம்பியும் சேர்ந்தே முறுக்கியிருப்பதால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு விழுகிறது. மறுமுனையில் பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். அதனால் இரைச்சல் கழிந்துபோகிறது. நான் அடித்த பிளக்கில் 3-ல் வெள்ளைப் பச்சை, 6-ல் நீலம். சேர்ந்து முறுக்கிய ஜோடியே இல்லை, கழிய வேண்டிய இரைச்சல் கழியாது. அப்பாவிடம் சொன்னேன். "வேற வேற கயித்துலேர்ந்து ஒவ்வொரு புரியை எடுத்துக் கட்டுனா நிக்குமா" என்றார்.

இந்த ஒரு விஷயம் புரிந்த பிறகு பாதி சொற்கள் தானாக உட்கார்ந்தன. கிராஸ்டாக் என்றால் ஒரு ஜோடியின் பேச்சு இன்னொன்றில் கேட்பது. அனுப்பும் முனையிலேயே அளந்தால் நெக்ஸ்ட், எதிர்முனையில் அளந்தால் ஃபெக்ஸ்ட். பிளக் அடிக்கும்போது முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதே என்பதும் இதனால்தான்.

அதனால் கலர் வரிசையை எட்டு நிறமாகப் படிக்காதீர்கள். ஜோடியாகப் படியுங்கள்:

4, 5: நீலம்
3, 6: பச்சை
1, 2: ஆரஞ்சு
7, 8: பிரவுன்

இது டி568பி. டி568ஏ-வில் பச்சையும் ஆரஞ்சும் இடம் மாறும், அவ்வளவுதான். நீலம் ஏன் நடுவில்? டெலிபோன் பிளக்கில் லைன் வருவது நடுவிலுள்ள இரண்டு கம்பியில். அதற்குப் பொருந்தத்தான் முதல் ஜோடியை நடுவில் வைத்து, அடுத்ததை அதன் இருபுறமும் பிரித்து வைத்தார்கள். இந்தக் காரணம் தெரிந்தால் கை நடுங்கினாலும் வரிசை மாறாது. நான் 40 பிளக்காவது அடித்திருப்பேன். மற்ற எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

தியரியில் குழப்பும் சொற்கள்:

- 100 மீட்டர் என்பது சேனல், அதாவது ஒரு கருவியிலிருந்து மறு கருவி வரை மொத்த வழி. சுவருக்குள் நிலையாகப் போகும் பெர்மனென்ட் லிங்க் 90 மீட்டர்தான். மீதி 10 இரு பக்கமும் கருவியோடு இணைக்கும் சிறு கேபிளான பேட்ச் கார்டுக்கு.
- கேட் 5இ 100 மெகாஹெர்ட்ஸ், கேட் 6 250, கேட் 6ஏ 500. இது வேகம் இல்லை, அலைவரிசை அகலம்.
- ஏடபிள்யூஜி கம்பியின் தடிமனைச் சொல்லும் எண். அது கூடினால் கம்பி மெலியும். 23-ஐ விட 24 மெல்லியது.
- யுடிபி (கவசம் இல்லாத முறுக்கு ஜோடிக் கேபிள், நாம் பிளக் அடிப்பது) 100 ஓம். கேபிள் டிவியின் ஆர்ஜி6 75 ஓம்.
- டிபிஎம் ஒரு அளவு. 0 டிபிஎம் என்றால் 1 மில்லிவாட். டெசிபல் ஒரு விகிதம். ஃபைபரின் ஒரு முனையில் -10 டிபிஎம், மறுமுனையில் -20 டிபிஎம் என்றால் இழப்பு 10 டெசிபல். 10 டிபிஎம் என்று எழுதினால் தவறு.
- 25 ஜோடி டெலிபோன் கேபிள்: வெள்ளை, சிவப்பு, கருப்பு, மஞ்சள், ஊதா, ஒவ்வொன்றோடும் நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன், சாம்பல். 17-வது ஜோடி மஞ்சள்–ஆரஞ்சு. ஃபைபரின் முதல் ஐந்து நிறமும் இதே நீலம் முதல் சாம்பல்தான், தனியாகப் படிக்க வேண்டாம்.

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், நம் ஊர்க் கேள்வி கட்டாயம் வரும் என்று நினைத்துக்கொண்டு போங்கள். என்னிடம், "கடலோரத்தில் காப்பர் லைனில் ஏன் கரகரப்பு?" என்று கேட்டார்கள். கடற்கரைத் தெருவில் டெலிபோன் லைன்கள் பிரியும் பழைய டிபி பாக்ஸ் எதையாவது திறந்து பார்த்திருந்தால் பதில் தெரியும்: டெர்மினல் முழுக்கப் பச்சைக் களிம்பு. உப்புக் காற்றில் செம்பு அரித்து, இணைப்பில் மின்தடை ஏறுகிறது. மண்ணுக்கடியில் போகும் கேபிளுக்கு ஜெல்லி நிரப்புவது தண்ணீர் உள்ளே நகராமல் இருக்க. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய சீப் கேபிளை நம் பக்கம் வாங்கவே கூடாது, முனையில் பூச்சு உடைந்தால் உள்ளே அரிப்பு வேகமாகப் போகும். ஃபைபர் கண்ணாடி, அது அரிக்காது. ஆனால் சிங்கிள் மோட் ஃபைபரில் வெளிச்சம் போகும் நடுப்பகுதியான கோர் சுமார் 9 மைக்ரான்தான். ராமேஸ்வரம் தீவில் காற்றில் வரும் மண்தூசி கனெக்டர் முகத்தில் ஒட்டினால் வெளிச்சத்தை மறைக்க அதுவே போதும். துடைக்காமல் சொருகாதே என்று இதைக் காரணத்தோடு சொன்னேன், எக்ஸாமினர் தலையாட்டினார். ஃபைபரின் பச்சைக் கனெக்டரின் முகம் 8 டிகிரி சாய்வு, நீலம் சாய்வு இல்லாதது. இரண்டையும் சேர்த்துச் சொருகக்கூடாது. இதையும் கேட்டார்கள்.

படிக்கும் முறை பற்றி: கூட்டாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. நாலு பேர் சேர்ந்தால் ஒருவர் சொல்வதை மற்றவர்கள் நம்பிவிடுகிறோம். விளக்கு எரிந்தால் சரி என்பதை எங்கள் செட் முழுக்க நம்பியது அப்படித்தான். காலையில் நான்கு மணிக்கு எழுந்து தனியாக, கையில் கேபிளோடு படித்தேன். ஒரு சொல்லைப் படித்தால் அது கேபிளில் எந்த இடம் என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும்; காட்ட முடியாத சொல் இன்னும் தெரியாத சொல்.

தேர்வு நாளுக்கு: பழகிய ஸ்ட்ரிப்பர், உபரியாக நாலு பிளக், வேர்வை துடைக்கத் துணி. கிரிம்பிங் டூல் அவர்கள் தந்ததாக இருந்தால் முதலில் ஒரு வீண் துண்டில் அடித்துப் பாருங்கள். வெளியுறை பிளக்குக்குள் போய்ப் பிடித்திருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள்.

இந்த முறை வேறு எக்ஸாமினர். பிளக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நானே, "3-ம் 6-ம் பச்சை ஜோடி சார்" என்றேன். நிமிர்ந்து பார்த்து, "ஆமா" என்று சொல்லிவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.