20 மெகாஹெர்ட்ஸில் சூரியன்

சூரியனைப் படம் பிடிப்பவர்கள்மேல் எனக்குப் பொறாமை கிடையாது. அவர்களிடம் அழகான படங்கள் இருக்கின்றன. என்னிடம் சூரியனின் ரேடியோ இரைச்சல் இருக்கிறது. ஆனால் அந்த இரைச்சலை வைத்துக்கொண்டே, சூரியனிலிருந்து கிளம்பிய ஒன்று என்ன வேகத்தில் போகிறது என்று காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடலாம். என்னை இதிலேயே கட்டிப்போட்டிருப்பது அதுதான்.

என் கருவி எளிமையானது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஏறக்குறைய 7 மீட்டர் செம்புக் கம்பி, நடுவில் வெட்டி கேபிள் இணைத்தது. 20.1 மெகாஹெர்ட்ஸில் நிற்கும் ஒரு ரிசீவர், பதிவுசெய்ய ஒரு கணினி. அமெச்சூர்கள் வியாழன் கோளைக் கேட்பதற்காக நாசாவின் 'ரேடியோ ஜோவ்' திட்டம் தேர்ந்த அதிர்வெண் இது. பகலில் சூரியனும் இங்கே கேட்கும்.

சாதாரண நேரத்தில் காதில் விழுவது பால்வெளி மண்டலத்தின் சீரான 'உஸ்ஸ்'. மின்னல் 'பட்' என்று தெறித்து மறையும். மலிவான எல்.இ.டி. விளக்கு ஒரே சுருதியில் ரீங்காரமிடும். எந்த விளக்கு என்று கண்டுபிடித்து அணைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சூரிய வெடிப்பு இவற்றில் எதைப்போலவும் இருக்காது. சட்டென்று எழும்பி, அரை நிமிடமோ ஒரு நிமிடமோ எடுத்துக்கொண்டு, கரையேறிய பேரலை வடிவதுபோல் அடங்கும். பெரிய சுடர்வெடிப்பாக இருந்தால் இன்னொரு கூத்தும் உண்டு. அலை அடங்கியபின் அந்த 'உஸ்ஸ்' கூடத் தேய்ந்துபோகும். சுடரின் எக்ஸ் கதிர்கள் அயனி மண்டலத்தின் கீழடுக்கை அளவுக்கு மீறி அயனியாக்கிவிடுவதால், பால்வெளியின் இரைச்சலை அந்த அடுக்கு விழுங்கிவிடுகிறது. ரிசீவர் செத்துவிட்டதோ என்று கேபிளை ஆட்டிப் பார்க்கத் தோன்றும்.

இந்தத் துறையே இப்படியொரு தொல்லையில்தான் பிறந்தது. 1942 பிப்ரவரியில் பிரிட்டனின் விமான எதிர்ப்பு ரேடார்கள் திணறின. ஜெர்மானியர்கள் வேண்டுமென்றே குறுக்கிடுகிறார்கள் என்ற சந்தேகம் எழுந்தது. பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஸ்டான்லி ஹே, ரேடார்கள் காட்டிய திசைகளை ஒப்பிட்டார். அந்தத் திசை சூரியனோடு சேர்ந்து நகர்ந்தது. அப்போது சூரியனின் முகத்தில் ஒரு பெரும் கரும்புள்ளிக் கூட்டம் இருந்தது. போர்க்கால ரகசியம் என்பதால் 1946இல்தான் அவர் அதை வெளியிட முடிந்தது.

எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்த ஆண்டுக் கதை. 1947 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் ரேடியோ வானியலாளர் ரூபி பெய்ன்-ஸ்காட்டும் சகாக்களும் 200, 100, 60 மெகாஹெர்ட்ஸ் மூன்றிலும் ஒரே வெடிப்பைப் பதிவுசெய்தார்கள். அது ஒரே நேரத்தில் வரவில்லை. முதலில் 200, சில நிமிடங்கள் பிந்தி 100, அதற்கும் பிறகு 60. ஏதோ ஒன்று சூரியனைவிட்டு மேலேறிக்கொண்டிருந்தது. மூன்றே மூன்று பதிவுகளில் இதைப் பிடித்தவருக்கு, திருமணமான பெண்ணுக்கு நிரந்தர வேலை இல்லை என்று சொன்னது அன்றைய விதி. திருமணத்தை ஆண்டுக்கணக்கில் மறைத்துத்தான் அவர் வேலை பார்க்க நேர்ந்தது. 1951இல், தாயாகவிருந்த நேரத்தில், ஆய்வைவிட்டே போனார். பல அதிர்வெண்களை ஒருசேரப் பதியும் பால் வைல்டின் நிறமாலைப்பதிவுக் கருவி வந்து வெடிப்புகளை முதல், இரண்டாம், மூன்றாம் வகை என்று பிரித்ததெல்லாம் அந்த 1947 பதிவுக்குப் பிந்தியது.

ஏன் இந்த வரிசை? சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவில் மேலே போகப்போக எலக்ட்ரான்கள் அருகிக்கொண்டே போகின்றன. ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை எலக்ட்ரான் என்பதன் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கினால், அங்கே பிளாஸ்மா, அதாவது அயனியான வாயு, அதிரும் அதிர்வெண் கிலோஹெர்ட்ஸில் கிடைத்துவிடும். மேலேறும் ஒன்று அந்தப் பிளாஸ்மாவை உலுக்கும்போது அதே அதிர்வெண்ணில் ரேடியோ அலை கிளம்பும். 80 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 8 கோடி எலக்ட்ரான்கள் வேண்டும். 20க்கு 50 லட்சம் போதும். ஆக, அதிர்வெண் தெரிந்தால் உயரம் தெரியும். கோர்டன் நியூக்கர்க் 1961இல் தந்த அடர்த்திச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால், 80 மெகாஹெர்ட்ஸ் சூரியப் பரப்புக்குமேல் சுமார் 2.2 லட்சம் கிலோமீட்டரிலும் 20 மெகாஹெர்ட்ஸ் சுமார் 7.5 லட்சத்திலும் வருகின்றன. இடைவெளி 5.3 லட்சம் கிலோமீட்டர்.

இனி கடிகாரம்தான்: 80இல் கேட்டது எவ்வளவு நேரம் கழித்து 20இல் கேட்கிறது? அந்த இடைவெளியை 5 நொடியில் கடந்தால் வேகம் நொடிக்கு ஒரு லட்சம் கிலோமீட்டருக்குமேல். ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு. அது எலக்ட்ரான் கற்றை, மூன்றாம் வகை. அதே தூரத்துக்கு 9 நிமிடம் எடுத்தால் நொடிக்குச் சுமார் 1000 கிலோமீட்டர். அது அதிர்ச்சி அலை, இரண்டாம் வகை. இதில் ஒரு வம்பு இருக்கிறது. வெடிப்பு பிளாஸ்மா அதிர்வெண்ணின் இரண்டு மடங்கிலும் ஒலிக்கும். இரண்டாம் வகையில் பல சமயம் பதிவுப் படத்தில் இரண்டு கோடுகளும் இணையாக இறங்குவதால் பிரித்துவிடலாம். ஒன்று மட்டும் தெரிந்தால் உயரக் கணக்கு தள்ளாடும். அடர்த்தியும் நாளுக்கு நாள், இடத்துக்கு இடம் மாறுகிறது. இருந்தாலும் 5 நொடியையும் 9 நிமிடத்தையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

கம்பி கட்ட இடமில்லாதவர்களுக்கு, பல நாடுகளிலிருந்து சூரியனைக் கேட்கும் ரிசீவர்களின் ஈ-கலிஸ்டோ வலையமைப்பின் பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 15 நிமிடத்துக்கு ஒரு கோப்பு. நேரத்தைக் கிடையாகவும் அதிர்வெண்ணை நட்டுக்குத்தாகவும், உயர்ந்தது மேலே வரும்படி, வரைந்த படத்தில் கிடையாக ஓடும் கோடுகள் வானொலி நிலையங்கள். நட்டுக்குத்தாக நிற்பவை பெரும்பாலும் மின்னலும் மின்சாதனங்களும். சாய்ந்திருந்தால் சூரியனாக இருக்கலாம். மூன்றாம் வகையும் முதல் பார்வைக்கு நட்டுக்குத்தாகத்தான் தெரியும். நேர அச்சை நன்றாக விரித்துப் பாருங்கள், உச்சி முன்னும் அடி பின்னுமாகச் சரிந்திருக்கும். அப்படியும் சந்தேகம் தீரவில்லையென்றால், அந்த நேரத்தில் பகலாக இருந்த இன்னொரு நாட்டு நிலையத்தின் கோப்பைத் திறந்து பாருங்கள். உங்கள் தெருவின் வெல்டிங் மெஷின் அங்கே கேட்காது.