நடமாட்டம் என்றால் எது?

முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்த பிறகு, மறுவாழ்வுப் பயிற்சி முடிந்து வீடு திரும்பிய நாளில் எஸ்எஃப்-36 என்ற உடல்நல வினாத்தாளைக் கொடுத்தார்கள். உடல் இயக்கம் பற்றி அதில் 10 கேள்விகள். அவற்றில் 5 நடப்பதையும் படியேறுவதையும் பற்றியவை. ஒவ்வொன்றாக ‘மிகவும் சிரமம்’ என்று குறித்துக்கொண்டே வந்தேன். பத்தாவது கேள்வி, குளிப்பதும் உடுத்துவதும். படுக்கையில் இப்படியும் அப்படியும் புரண்டு, ஒரு காலைக் கையால் தூக்கி மடக்கி, யார் துணையுமின்றிக் கால்சட்டை போட அந்த வாரம்தான் பழகியிருந்தேன். முதலில் 40 நிமிடம் பிடித்த வேலை 12 நிமிடத்துக்கு வந்திருந்தது. அந்தத் தாளில் அதற்குக் கிடைத்தது ஒரே ஒரு கட்டம். மிகவும் வருந்தினேன்.

ஒன்றரை ஆண்டு கழித்து, உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத்தர வினாத்தாள். 26 கேள்விகள், கடந்த இரண்டு வாரங்களை நினைத்து 1 முதல் 5 வரை குறிக்க வேண்டும். முதல் கேள்வியே ‘உங்கள் வாழ்க்கைத்தரம் எப்படி?’ அதை விட்டுவிட்டு மற்றவற்றுக்குப் போனேன். ‘எவ்வளவு நன்றாக நடமாட முடிகிறது?’ என்ற இடத்தில் பேனா நின்றது.

“நடமாட்டம் என்றால் காலாலா, சக்கரத்தாலா?”

“போக நினைத்த இடத்துக்குப் போய்ச் சேர்கிறீர்களா? அதைச் சொல்லுங்கள்” என்றார் பயிற்சியாளர்.

4 போட்டேன். வலிக்கான கேள்வியில்தான் மதிப்பெண் சரிந்தது. தொட்டால் தெரியாத காலில் இரவெல்லாம் நெருப்பாய் எரிகிறது. பார்க்க வருகிறவர்கள் நாற்காலியைப் பார்த்துக் கண்கலங்குகிறார்கள். தூக்கம் வருகிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை.

கடுமையான குறைபாட்டோடு வாழ்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தங்கள் வாழ்க்கைத்தரம் நன்றாக இருப்பதாகச் சொன்னதை, 1999இல் ஆல்பிரெக்ட், டெவ்லீகர் என்ற ஆய்வாளர்கள் ‘இயலாமை முரண்’ என்றார்கள். எனக்கு அதில் முரண் எதுவும் தெரியவில்லை. வேலை இருக்கிறது, சண்டை போட நண்பர்கள் இருக்கிறார்கள், என் உடையை நானே போடுகிறேன்.

கடைசியில் முதல் கேள்விக்குத் திரும்பி 4 என்று குறித்தேன்.

“அந்த ஒன்று ஏன் குறைந்தது?”

அலுவலகக் கழிவறைக் கதவு 60 செ.மீ., என் நாற்காலி 64. அதனால் வேலை நாட்களில் மதியம் வரை தண்ணீர் குடிப்பதில்லை என்றேன். சிறுநீர்த் தொற்று வந்துவிடும் என்று அவர் பதறினார். இரண்டு அளவுகளையும் ஒரு தாளில் எழுதி, மறுநாள் காலையிலேயே மேலாளர் மேசையில் வைத்தேன்.