அம்மாவின் கண்ணை இருட்டில் யாரும் சோதிக்கவில்லை

ஆறு மாதம், நான்கு நடை. அம்மா சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தை ஒருவர் முழுதாகக் காதில் வாங்குவதற்கு எங்களுக்கு அவ்வளவு ஆனது. “வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றுமே தெரிவதில்லை.” வீட்டில் வயதான பெற்றோர் இருப்பவர்கள் இந்த வாக்கியத்தைக் கேட்டால் அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

தைப்பூசத்தன்று அம்மா பால்குடம் எடுத்தார். சிங்கப்பூரின் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நடந்ததில் சிரமமே இல்லை. பாலைச் செலுத்திவிட்டு, விளக்கு வெள்ளத்திலிருந்து பக்கத்துத் தெருவுக்குள் திரும்பினோம். இரண்டே படி. அதைத் தரை என்று நினைத்துக் காலை வைத்துவிட்டார். முழங்காலில் காயம், மணிக்கட்டில் வீக்கம், எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. “இது புதிதல்ல, ஒரு வருடமாகவே இப்படித்தான்” என்று டாக்சியில் சொன்னார். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அவர் தூணைத் தொட்டுத் தொட்டு நடப்பதைப் பார்த்திருக்கிறேன். முட்டி வலி என்று நானே முடிவு செய்துகொண்டிருந்தேன்.

முதல் தவறு, கண்ணாடிக் கடைக்குப் போனது. பளிச்சென்ற அறையில் எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னார்கள். கடைசிக்கு இரண்டு வரி முன்பு வரை தடங்கலின்றி வாசித்தார். “இந்த வயதுக்கு அருமையான பார்வை, ஆன்ட்டி” என்று பாராட்டிவிட்டு, இரவில் கூச்சம் குறையும் என்று மஞ்சள் சாயமிட்ட கண்ணாடி ஒன்றை 180 வெள்ளிக்கு விற்றார்கள். அதைப் போட்ட முதல் இரவே அம்மா இன்னும் மோசமாகத் தடுமாறினார். காரணம் பிறகுதான் புரிந்தது. சாயமிட்ட எந்தக் கண்ணாடியும் வரும் வெளிச்சத்தில் ஒரு பகுதியைத் தடுக்கிறது. இருட்டில் வெளிச்சம் போதாமல் தவிப்பவருக்கு அதைக் கொடுப்பது தாகத்தில் இருப்பவரின் செம்பைப் பிடுங்குவது போல. தயவுசெய்து வாங்காதீர்கள்.

இரண்டாவது தவறு முழுக்க என்னுடையது. அவசரத்தில் நேராக ஒரு மருத்துவமனையின் கண் பிரிவுக்கு அழைத்துப் போய்விட்டேன். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பரிந்துரைக் கடிதம் இல்லை என்றால் தனியார் நோயாளிக் கட்டணம், நாளும் உடனே கிடைக்காது என்றார். முதியோர் சலுகை அட்டையான மெர்டேக்கா தலைமுறை அட்டையை நீட்டினேன். “அது கடிதம் ஆகாது.” அவர் சொன்ன விதி சரியானதுதான். சலுகைக் கட்டணத்துக்குப் பலதுறை மருந்தகத்தின் (அரசு பொது மருத்துவ நிலையத்தின்) கடிதம் வேண்டும், அல்லது சாஸ் என்ற அரசு மருத்துவ உதவித் திட்டத்தில் இருக்கும் தனியார் மருந்தகத்தின் கடிதம் வேண்டும். ஆனால் முழங்காலில் கட்டோடு நிற்கும் 72 வயதுப் பெண்ணிடம் அதைச் சொல்ல ஒரு முறை உண்டு. வெறுங்கையோடு பஸ் ஏறித் திரும்பினோம்.

பலதுறை மருந்தகத்தில் கடிதம் வாங்குவது எளிது என்று நினைத்தால் அங்கே வேறொரு தடை. அம்மாவுக்கு லேசான நீரிழிவு உண்டு. ஆண்டுதோறும் விழித்திரையைப் படம் எடுக்கிறார்கள். கடைசிப் படம் நன்றாக இருந்ததால், “வயதாகிவிட்டது, அவ்வளவுதான்” என்று சொல்லி எங்களை எழுப்பிவிடப் பார்த்தார்கள். இந்த இடத்தில்தான் நான் எழுந்திருக்கவில்லை. முந்தின இரவே எழுதி வைத்திருந்த தாளை எடுத்து வாசித்தேன்: எந்தத் தேதியில், எந்த இடத்தில், வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போய் எத்தனை நிமிடம் கழித்துப் பார்வை வந்தது, எத்தனை முறை தடுமாறினார். நான்கு நிகழ்ச்சிகள், கடைசியில் அந்த விழுந்த காயம். ஐந்து நிமிடத்தில் கடிதம் கைக்கு வந்தது. “சரியாகத் தெரியவில்லை” என்று பொதுவாகச் சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள். நிமிடக் கணக்கோடு சொல்லுங்கள்.

நிபுணரைப் பார்த்த நாளில் பதிவு, கட்டணம் எல்லாம் சுலபமாக முடிந்தன. கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்ட பிறகு மூன்று மணி நேரம் காத்திருந்தோம். வெளியே வந்தபோது நண்பகல் வெயில். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கொண்டுபோகாததால் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுதான் நடந்தார். மாலை வரை எழுத்து எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. போதாக்குறைக்குப் பழைய மூக்குக் கண்ணாடியையும் மாத்திரைப் பட்டியலையும் வீட்டிலேயே விட்டுவிட்டேன். மாத்திரைகளை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பும்படி தம்பியைக் கெஞ்ச வேண்டியதாயிற்று.

ஆனால் அந்த மருத்துவர் கேட்டார். உண்மையிலேயே கேட்டார். அம்மாவின் வாக்கியம் முடியும் வரை கணினிப் பக்கம் திரும்பவில்லை. பிறகு ஒரு காகிதத்தில் விழித்திரையை வரைந்து காட்டினார். நிறத்தையும் நுணுக்கத்தையும் பார்க்கக் கூம்பு செல்கள், மங்கலில் பார்க்கக் குச்சி செல்கள். எழுத்துப் பலகை சோதித்ததெல்லாம் நடுவில் இருக்கும் கூம்பு செல்களை மட்டும்தான். அவை முதுமையிலும் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. அந்த நடுப்புள்ளியைச் சுற்றியுள்ள வளையத்தில் இருக்கும் குச்சி செல்கள்தான் முதலில் குறைகின்றன. இறந்தவர்கள் தானமாகத் தந்த கண்களில் செல்களை எண்ணிப் பார்த்து 1993ல் வெளிவந்த ஆய்வில், இளைஞர்களைவிட 80 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வளையத்தின் குச்சி செல்கள் 30 சதவீதம் அளவுக்குக் குறைந்திருந்தன.

எண்ணிக்கை மட்டுமல்ல, எஞ்சியவற்றின் வேகமும் குறைகிறது என்றார். குச்சி செல்லில் இருக்கும் ரொடாப்சின் என்ற நிறமி வெளிச்சம் பட்டதும் வெளுத்துவிடும். இருட்டில் அது மறுபடி உருவாக வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ஒரு பொருள் தேவை. அது விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் செல்லடுக்கிலிருந்து வர வேண்டும். வயதாக ஆக அந்த அடுக்குக்குப் பின்னால் உள்ள மெல்லிய சவ்வு தடித்து, கொழுப்புப் படிந்து, போக்குவரத்து மந்தமாகிறது. அதனால் 70களில் இருப்பவர்களின் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக, 20களில் இருப்பவர்களைவிடப் பத்து நிமிடத்துக்கு மேல் கூடுதலாக ஆகிறது. போதாததற்குக் கண்பாவை சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளிக்கிறது. 60 வயதுக் கண்ணின் விழித்திரையைச் சேரும் வெளிச்சம், 20 வயதில் சேர்ந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

அம்மா உடனே கேட்டார்: “அதனால்தான் நேரே பார்த்தால் தெரியாத படி, ஓரக் கண்ணால் பார்த்தால் தெரிகிறதா?” மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பார்வையின் நடுமையத்தில் குச்சி செல்களே கிடையாது. அவை அடர்ந்திருப்பது ஓரத்தில். படித்ததெல்லாம் ஆறாம் வகுப்பு வரைதான், ஆனால் அம்மா இதைத் தானாகவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார். அன்று எனக்கு வந்த பெருமைக்கு அளவில்லை.

“வயதுதான்” என்ற பதில் ஏன் என்னை இவ்வளவு கோபப்படுத்துகிறது என்பதும் அங்கேதான் தெளிவானது. இருட்டுக்குப் பழகுவது மிகவும் மந்தமாக இருந்தால், அது விழித்திரையின் நடுப்பகுதி சிதையும் நோய்க்கு ஆரம்ப அறிகுறியாகவும் இருக்கலாம். கண்புரை, கண் அழுத்த நோய், வைட்டமின் ஏ குறைபாடு என்று வேறு காரணங்களும் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்கிய பிறகுதான் வயது என்று சொல்லலாம். அம்மாவுக்கு ஸ்கேனில் சிதைவு இல்லை, கண்புரை தொடக்க நிலைதான். அறுவை சிகிச்சை இப்போது வேண்டாம். கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டு பார்க்கச் சொன்னார். கோடு வளைந்து தெரிந்தால் அன்றே அழைக்க வேண்டும். அது எங்கள் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

ஒரு தகவல் முக்கியம். தேக்காவில் ஒரு கடையில் வைட்டமின் ஏ மாத்திரை வாங்கிக் கொடுக்கும்படி சித்தி சொல்லியிருந்தார். மருத்துவர் கண்டிப்பாகத் தடுத்தார். குறைபாடு இல்லாதவர் அளவுக்கு மீறி விழுங்கினால் கல்லீரலுக்குக் கேடு.

வீட்டில் செய்த மாற்றங்கள் மிகச் சிறியவை. படுக்கையறையிலிருந்து கழிவறை வரை, ஆள் நடந்தால் எரியும் மங்கலான செந்நிற விளக்குகளைத் தரையோரம் வைத்தேன். குச்சி செல்கள் சிவப்பு ஒளிக்கு அவ்வளவாக அசைவதில்லை என்பதால் இருட்டுக்குப் பழகிய கண் கெடாது. நள்ளிரவில் கழிவறையின் வெள்ளைக் குழல்விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பி வருவதுதான் மிகப் பெரிய ஆபத்து என்று எனக்கு அதுவரை தெரியாது. வீவக-வின் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின்) ஈஸ் என்ற முதியோர் வீட்டுப் பாதுகாப்புத் திட்டத்தில் கழிவறைக்குக் கைப்பிடியும் வழுக்காத தரையும் விண்ணப்பித்தேன். 65 வயதானவர் வீட்டில் இருந்தால் விண்ணப்பிக்கலாம், நாம் கட்டுவது சிறு தொகைதான். அந்த வேலை எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தது.

வெளியே போகும்போது இப்போது அவசரப்படுத்துவதில்லை. லிஃப்டின் வெளிச்சத்திலிருந்து கீழ்த்தளத்துக்கு வந்ததும் அம்மா தூணருகே நிற்பார், நானும் நிற்பேன். டார்ச்சை முகத்துக்கு நேரே அல்ல, காலடியில் அடிக்கிறேன்.

மறுபரிசோதனைக்கு அடுத்த ஆண்டு நாள் கொடுத்திருக்கிறார்கள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பழைய மூக்குக் கண்ணாடி, மாத்திரைப் பட்டியல், என் நிமிடக் கணக்குத் தாள் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு அம்மா இப்போதே கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டார்.