மகனுக்கு மாற்றுத்திறனாளி அட்டை வாங்கிய கதை

பிலிப்பைன்ஸில் மாற்றுத்திறனாளி அட்டைக்குக் கட்டணம் கிடையாது. அதற்கான மருத்துவச் சான்றிதழை வாங்குவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிடும். கண்ணுக்குத் தெரியும் குறை என்றால் அலுவலகத்தில் பார்த்தே எழுதிக்கொள்வார்கள். ஆட்டிசம் அப்படிப் பார்த்தவுடன் தெரிவதில்லையே.

நாங்கள் இருப்பது மிண்டோரோ தீவில். ஆட்டிசத்தைப் பரிசோதித்துச் சான்றிதழ் தரும் குழந்தை வளர்ச்சி மருத்துவரை இங்கே 'டெவ்பெட்' என்போம். நாட்டுக்கே அவர்கள் கொஞ்சப் பேர். அவர்களிலும் பெரும்பாலோர் மணிலாப் பக்கம். பெயர் பதிந்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தோம். "இவன் அப்பனும் நாலு வயதில்தான் வாய் திறந்தான், எதற்கு வீண் செலவு?" என்று மாமியார் தினமும் ஆரம்பிப்பார். கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. தொலைபேசியில் அவரும் அம்மா பக்கமே பேசினார். நான் வாதாடவில்லை. முறை வந்ததும் மகனைக் கூட்டிக்கொண்டு கலாபானில் கப்பல் ஏறி, பத்தாங்காஸில் இறங்கி, மணிலா பஸ்ஸைப் பிடித்தேன்.

ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்னதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அவர் எழுதித் தந்ததுதான். போகிறவர்கள் கவனியுங்கள்: பரிசோதனை அறிக்கை வேறு, சான்றிதழ் வேறு. இரண்டையும் கையோடு கேட்டு வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மறுபடி கடல் தாண்ட வேண்டும்.

ஊர் திரும்பியதும் பராங்காய், அதாவது எங்கள் பகுதி உள்ளாட்சி அலுவலகத்தில் குடியிருப்புச் சான்று வாங்கினேன். அது சீக்கிரமே முடிந்தது. நகராட்சியில் மாற்றுத்திறனாளிகள் பிரிவு தந்த படிவம்தான் விசித்திரம். குறைபாட்டின் வகை என்று வரிசையாகக் கட்டங்கள். அவற்றில் ஆட்டிசம் இல்லை. கீழே, காரணம் என்ற பகுதியில், பிறவியிலேயே வந்தவை என்பதன் கீழ் இருந்தது. எழுத்தர் சற்று யோசித்துவிட்டு, வகைக்கு 'உளசமூகம்' என்ற, மனநலம் சார்ந்த குறைபாடுகளுக்கான கட்டத்தில் டிக் அடித்தார். எனக்கு எரிச்சல்தான். ஆனால் எந்தக் கட்டமானாலும் சலுகை ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன்.

கையெழுத்துக்குப் பதில் மகனின் கைரேகை கேட்டார்கள். பசை, சேறு எதையும் விரலில் ஒட்டவிடாதவன் அவன். ரகளைதான் என்று பயந்தேன். மையில் விரலை வைத்தவன் அதை உற்றுப் பார்த்தான். பிறகு படிவத்தில் ஒன்று, மேசை நாட்காட்டியில் ஒரு வாரம் முழுக்க, கட்டத்துக்கு ஒன்றாகக் கோணாமல் வைத்துக்கொண்டே போனான். எழுத்தர் தடுக்கவில்லை. நல்ல மனிதர்.

அட்டை இருந்தால், 2016இல் வந்த 10754ஆம் எண் சட்டப்படி 20 சதவீதத் தள்ளுபடி, மதிப்புக் கூட்டு வரியும் இல்லை. மருந்து, மருத்துவர் கட்டணம், பஸ், கப்பல் எல்லாவற்றுக்கும் உண்டு. மணிலாவுக்கு மறுபரிசோதனைக்குப் போய்வருகிற எங்களுக்குக் கப்பல் டிக்கெட்டில் மிச்சமாவது பெரிய உதவி. உணவகத்தில் அவன் தட்டுக்கு மட்டும்தான் தள்ளுபடி. அவன் தின்பதோ சோறும் பொரித்த கோழியும்.

அந்தச் சில பெசோக்களுக்கும் ஒருமுறை வழக்காட வேண்டியிருந்தது. பணியாளர் அட்டையையும் மகனையும் மாறி மாறிப் பார்த்து, "பையன் நன்றாகத்தானே இருக்கிறான்?" என்றார். போலி அட்டைகளால் 2023இல் மட்டும் 8,820 கோடி பெசோ வரி இழப்பு என்று செனட் விசாரணையில் பேசப்பட்ட நாடு இது. சந்தேகம் வருவதில் வியப்பில்லை. அதற்காகப் பக்கத்து மேசைக்காரர்கள் கேட்க என் பிள்ளையின் மருத்துவக் கதையைச் சொல்ல முடியுமா? சட்டப்படி அட்டையே போதும், மேலாளரைக் கூப்பிடுங்கள் என்றேன். மேலாளர் வந்தார், பில்லைத் திருத்திக் கொடுத்தார்.