அரிவாள்மனை வெட்டும் பத்து நிமிட அழுத்தமும்

மாம்பழ சீசன். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, ஆறு வயது மகன் தானே பழம் நறுக்கப் போய் அரிவாள்மனையில் இடது உள்ளங்கையை அறுத்துக்கொண்டான். கட்டைவிரலின் அடியில், குறுக்காக. சாறும் ரத்தமும் கலந்து முழங்கை வரை வழிந்ததில் எது எவ்வளவு என்றே தெரியவில்லை.

குழாயில் கையைக் காட்டிச் சாற்றைக் கழுவினேன். உள்ளே எதுவும் குத்திக்கொண்டு நிற்கவில்லை. (நின்றிருந்தால் பிடுங்கக் கூடாது, அதன்மேல் அழுத்தாமல் சுற்றிலும்தான் அழுத்த வேண்டும்.) துவைத்து மடித்து வைத்திருந்த கைக்குட்டையை வெட்டின்மேல் வைத்து அழுத்தி, அவனை மடியில் உட்காரவைத்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கஷ்டமெல்லாம் இதற்கு அப்புறம்தான். பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். "நின்னுடுச்சான்னு கொஞ்சம் எடுத்துப் பாரேன்" என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்வார்கள். எடுத்தால், உறைய ஆரம்பித்த ரத்தம் துணியோடு பிய்ந்து வந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கைக்குட்டை நனைந்தபோதும் அதை எடுக்காமல், மேலேயே இன்னொரு துணியை வைத்து அழுத்தினேன். சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, "பெரிய முள் எட்டுக்கு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றேன். அழுகையை விட்டுவிட்டு முள்ளையே முறைத்துக்கொண்டிருந்தான். நடுவில், "என் பழத்தை யாரும் தின்னுடாதீங்க" என்று வேறு.

அதற்குள் மாமியார் காப்பித்தூள் டப்பாவோடு வந்துவிட்டார். வேண்டாம் என்றதற்கு, "உன் புருஷனுக்கெல்லாம் இதைத்தான் வெச்சேன், என்ன கெட்டுப்போயிட்டான்?" என்றார். "இல்ல அத்தை, தூளை வெச்சா டாக்டர் அதைத் தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் தைப்பாங்க. புள்ளைக்குத்தானே வலி?" என்றதும் டப்பாவை மூடினார். மஞ்சள்தூள், சுண்ணாம்பு, பற்பசை எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

முள் எட்டுக்கு வந்தபோது ரத்தம் வெறும் கசிவாகக் குறைந்திருந்தது. ஆனால் வெட்டின் ஓரங்கள் சேராமல் பிளந்து நின்றன. உள்ளே மஞ்சளாகக் கொழுப்பு தெரிந்தது. அப்படித் தெரிந்தால் பேண்ட் எய்டு போதாது, தையல்தான். சுத்தமான துணியால் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அழுத்தியும் ரத்தம் நிற்காமல் பீறிட்டிருந்தால் 108-ஐத்தான் கூப்பிட்டிருப்பேன்.

டாக்டர் தைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு விரலையும் மடக்கி நீட்டச் சொன்னார். கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனிகளைப் பஞ்சால் தொட்டு "எந்த விரல்?" என்று கேட்டார். உள்ளே நரம்போ தசைநாணோ அறுபட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான் இது. அடுத்த கேள்வி தடுப்பூசி அட்டை. ஐந்து வயதில் போடும், டெட்டனஸையும் தடுக்கும் டி.பி.டி. பூஸ்டர் போட்டிருந்ததால் தனியாக டி.டி. ஊசி தேவைப்படவில்லை. அவசரத்திலும் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள்.

மரத்துப்போகும் ஊசிக்குத்தான் பெரிதாக அலறினான். "வலிக்கவே வலிக்காது" என்று நான் சொல்லவில்லை. "சுருக்குன்னு இருக்கும், அப்புறம் தெரியாது" என்றேன். சொன்னபடியே நடந்ததால் தையல் போடும்போது கையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தான்.

கட்டு நனையக் கூடாது என்பதால் குளிக்கும்போது கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றினோம். வீக்கம் கூடினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வரச் சொல்லியிருந்தார்கள். அப்படி எதுவும் வரவில்லை. டாக்டர் சொன்ன தேதியில் போய்த் தையலைப் பிரித்துக்கொண்டு வந்தோம்.